தலைகீழ்த் தாழ்ப்பாள்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

உன் கம்பெனிப் பொம்மைப் பெட்டி வந்து சேர்ந்தது. 'அன்புள்ள' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதனால் இப்படியே ஆரம்பிக்கிறேன்.

மேல்மூடியில் 'செல்லங்களின் வீடு: நீயே கட்டு, நீயே காப்பாற்று' என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. ரொம்ப சந்தோஷம். நானும்தான் இத்தனை வருடமாக இந்த நாய்க் காப்பகத்தைக் கட்டிக்கொண்டும் காப்பாற்றிக்கொண்டும் இருக்கிறேன். எனக்கு யாரும் பொன்னெழுத்துப் போடவில்லை.

நாய்களுக்குச் சமைக்கிற அம்மாவும் நானும் மதியம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து கட்டி முடித்தோம். முன்கேட்டு, மருந்து அறை, இரண்டு பக்கமும் கூண்டுகள், நடுவில் நடைபாதை, அதன் கோடியில் என் அறைக் கதவு. கதவில் பச்சைப் பெயின்ட் உரிந்த இடம்கூட அப்படியே இருக்கிறது. அந்த அம்மா வாயில் கை வைத்துவிட்டாள். "உங்க தங்கச்சிக்குக் கண்ணா, கேமராவா?" என்றாள். "கண்ணுதான், ஈரம் மட்டும் கிடையாது" என்றேன்.

போன மழைக்காலத்தில் நீ வந்து தங்கினாயே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நம் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவள், அம்மா போன பிறகும் வராதவள், திடீரென்று ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாய். மனசு மாறி வந்திருக்கிறாள் என்று நம்பினேன். "எங்க வீட்டுப் பொண்ணு வந்துட்டா" என்று சமையல் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அளவு நாடாவோடு நீ கூண்டு கூண்டாக ஏறி இறங்கியபோதுகூட, அக்காவுக்கு ஏதோ மராமத்து செய்து தரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இப்படி ஒரு மக்கு அக்கா உனக்கு.

பெட்டியில் என் சாயலில் ஒரு பொம்மை இருக்கிறது. பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. நான் எப்போதடி அப்படிச் சிரித்தேன்? கடைசி வரிசைக் கூண்டுகளையும் காணோம். யாரும் கேட்டு வராத கிழடுகளும் நொண்டிகளும் இருக்கிற வரிசை. அதைக் கட்டுவதற்குள் உங்கள் கம்பெனியில் பிளாஸ்டிக் தீர்ந்துபோயிற்றா?

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அப்புறம் ஒரு வாரம் என் மேலேயே எனக்குக் கோபமாக வரும். சொல்ல வேண்டியதை எழுது.

அக்கா


ஜனவரி 17

என் கோபக்கார அக்காவுக்கு,

திட்டுக் கடிதமாக இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததே பெரிய விஷயம். ஆபீசில் மேஜைக்கு அடியில் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

அந்தச் சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை. எங்கள் கம்பெனியில் மனுஷப் பொம்மைக்கு ஒரே ஒரு முகம்தான். போலீஸ்காரர், டாக்டர், தீயணைப்பு வீரர் எல்லாரும் அதே சிரிப்புத்தான் சிரிப்பார்கள். உனக்கு மட்டும் முறைக்கிற முகம் செய்து தரச் சொல்லிக் கேட்டேன். "குழந்தைங்க பயந்துடும்மா" என்று சொல்லிவிட்டார்கள். நான் பயப்படாமலா வளர்ந்தேன் என்று கேட்க நினைத்தேன்.

கடைசி வரிசையையும் வரைந்திருந்தேன், அக்கா. மேலதிகாரி பார்த்தார். "இதுல இருக்கிற நாயெல்லாம் எப்ப வீட்டுக்குப் போகும்?" என்றார். "போகாது சார், அங்கேயே இருக்கும்" என்றேன். "அப்ப அது எதுக்கு?" என்றார். அந்த வரிசையை அழித்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

அளவெடுக்கத்தான் வந்தேன் என்கிறாய். உன்னைப் பார்க்கவும்தான் வந்தேன். வெறும் கையோடு உன் வாசலில் நிற்கத் தைரியம் இல்லாமல், வேலை என்று ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நம்பினால் நம்பு.

அது கிடக்கட்டும். உன் கூண்டுகளுக்குத் தாழ்ப்பாள் மாட்டிய வெல்டிங் ஆள் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தார்? ஒன்றுவிடாமல் எல்லாத் தாழ்ப்பாளையும் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறார். உலகத்தில் எல்லா இடத்திலும் மேலே தூக்கினால் திறக்கும், உன்னிடத்தில் மட்டும் கீழே இழுக்க வேண்டியிருக்கிறது. என் வரைபடத்தில் நேராக்கிவிட்டேன். நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி கடைக்கு வரும் முன் ஒரு விளம்பரப் படம் எடுக்கிறார்கள். பெரிய கூடம் ஒன்றில், இந்தப் பொம்மைக் காப்பகத்தையே ஆள் உயரத்துக்குக் கட்டுகிறார்கள். என் வரைபடம்தான் அதற்கும் ஆதாரம். பெட்டியின் மேல் இருக்கிற நாய் நம் வக்கீல்தான் என்பதைப் பார்த்திருப்பாய். கறுப்பு உடம்பும் கழுத்தில் வெள்ளைப் பட்டையும் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். படத்துக்கும் அவனையே அனுப்பி வை. ஒரே வாரம். என்னோடுதான் இருப்பான், என்னோடுதான் தூங்குவான். பதிலுக்குக் கம்பெனி உன் கடைசி வரிசைக்குப் புதுக் கூரை போட்டுத் தருகிறது. பொம்மையில் விட்டதை அங்கேயாவது செய்கிறேன்.

நீயும் கூட வந்தால் எனக்கு யானை பலம்.

உன் சின்னவள்


ஜனவரி 25

சின்னவளுக்கு,

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். உன் கம்பெனிக்கு என் கடைசி வரிசை மேல் திடீரென்று என்ன கரிசனம்? ஆனாலும் கிழடுகள் மழையில் நனைவதைப் பார்த்துக்கொண்டு எனக்கு வீம்பு பேசத் தெரியாது. அனுப்புகிறேன். நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு இன்னும் ஆறவில்லை.

கவனமாகப் படி. வக்கீலுக்கு இரண்டு காதும் கேட்காது. நீ இங்கே இருந்தபோது கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றினாயே, அவன் திமிர் பிடித்தவன் என்று வேறு சொன்னாய். தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பிப் பார்ப்பான். தூரத்தில் இருந்தால் அதுவும் பிரயோசனப்படாது. அவனுடைய போர்வையையும் அனுப்புகிறேன், அதைத் துவைத்துத் தொலைக்காதே. அதில் இருக்கிற நாற்றம்தான் அவனுக்கு வீடு. காலையில் நான் கூண்டைத் திறந்ததும், நேராக நடந்துபோய் என் அறைக் கதவைத் தலையால் முட்டித் தள்ளி உள்ளே புகுந்து, என் கட்டிலுக்கு அடியில் படுப்பான். உன் வீட்டிலும் கதவை முட்டுவான், பயந்துவிடாதே.

தாழ்ப்பாளைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அத்தனை நாள் இங்கே இருந்தாயே, ஏன் அக்கா இப்படி மாட்டியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? கேட்காதவளுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? உன் பொம்மையில் நேராகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் நாய் எங்கேயும் ஓடிப் போகாது.

வேனை அடுத்த வாரம் அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

வந்துவிட்டார் வக்கீல் ஐயா. வேன் டிரைவர் சொன்னார்: "வழி முழுக்க ஜன்னல்ல தலைய வெச்சுக்கிட்டு, இந்த ரோடே அவரோடது மாதிரி வந்தாரும்மா." வீட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்தான். குளியலறையைப் பார்த்த பார்வையில், உன் தங்கை சுத்தமாக இல்லை என்று உனக்கு ரிப்போர்ட் போகும் போலிருக்கிறது.

முதல் நாள் சாப்பிடவில்லை. பயந்துபோனேன். கிண்ணத்தைப் போர்வை மேல் வைத்தேன், உடனே காலி. இரவு என் கால்மாட்டில் படுத்தான். அவன் குறட்டை நீ சின்ன வயதில் விட்ட குறட்டை மாதிரியே இருக்கிறது, அடிக்க வராதே. விடிந்ததும் என் அறைக் கதவை முட்டினான். நான் அவனோடு உள்ளேதான் இருந்தேன். அவன் வெளியே போய், கதவைச் சாத்தவைத்து, மறுபடி முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். இதையே தினமும் செய்கிறான். கதவைத் தள்ளி உள்ளே வந்தால்தான் அவனுக்கு நாள் தொடங்கும் போலிருக்கிறது.

படப்பிடிப்பு நாளை ஆரம்பம். கூடத்தைப் போய்ப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. நடைபாதையில் நின்றால் நீ எங்கிருந்தோ "அங்க என்னடி பண்றே?" என்று கத்துவாய் போலிருந்தது.

ஒன்று கேட்கட்டுமா? அவனைக் கொண்டுவந்து விடும்போது நானும் சில நாள் தங்கட்டுமா? நாடா கொண்டுவர மாட்டேன், சத்தியம்.

சின்னவள்


பிப்ரவரி 12

அடியே,

குறட்டை விட்டது நீ. அம்மா இருந்தால் சாட்சி சொல்லியிருப்பாள்.

கூரைக்காரர்கள் வந்து தகடு இறக்கிவிட்டுப் போனார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாய், முதல் தடவையாக. கடைசி வரிசையில் இருக்கிற குருட்டுப் பாட்டி அந்தத் தகட்டு அடுக்கின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. வேலையாட்கள் அதைச் சுற்றி வேலை செய்கிறார்கள்.

வா. மருந்து அறையில் கிடந்த பழைய கட்டிலை எடுத்து என் அறையில் போட்டு, போர்வையும் விரித்து வைத்திருக்கிறேன். கால் ஆடுகிறது, அட்டை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். வந்தால் வேலை செய்ய வேண்டும், விருந்தாளி வேஷமெல்லாம் இங்கே நடக்காது.

அவன் கூண்டு காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. காலையில் பழக்கதோஷத்தில் அதைத் திறந்துவிட்டு, என் கதவை யாரும் முட்டவில்லையே என்று நிற்கிறேன். சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். படப்பிடிப்பு எதிர்பார்த்ததைவிடச் சற்று நீள்கிறது. வெளிச்சம் சரியாக அமையவில்லை என்று சில காட்சிகளை மறுபடி எடுக்கிறார்கள். வக்கீல் நன்றாக இருக்கிறான். எல்லாருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

வேன் உன் பக்கம் வருகிறது. நாய்களுக்கு மருந்தும் தீவனமும் அனுப்பியிருக்கிறேன். அவனுடைய சில சாமான்களும் அதில் இருக்கின்றன, இங்கே அவனுக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டோம். கூரை வேலை முடிந்ததா என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 24

வேன் வந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளை இறக்கினார். தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றார். வாசலில் வண்டியைத் திருப்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போர்வை வந்திருக்கிறது. துவைத்து, மடித்து, சோப்பு வாசனையோடு.

துவைக்காதே என்று எழுதியிருந்தேன். நீ சோம்பேறி, உன் துணியையே துவைக்க மாட்டாய். 'நலம், நலமறிய ஆவல்' என்று நீ எனக்கு எழுதியதே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

என் நாய் எங்கே? எழுது.


மார்ச் 2

அக்கா,

வக்கீல் செத்துப்போய்விட்டான். படப்பிடிப்பின் முதல் நாளே. கட்டிலில் எனக்குப் போர்வை விரித்திருப்பதாக நீ எழுதிய கடிதம் வந்தபோது அவன் இல்லை. அதைப் படித்த பிறகு உண்மையை எழுதக் கை வரவில்லை. நீ என்னை 'வா' என்று கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று?

மதியச் சாப்பாட்டுக்காக எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். அடுத்த காட்சிக்காக அவனைக் கூண்டில் விட்டு, சங்கிலியைக் கழற்றி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நானும் போனேன். நானே போட்டேன், இழுத்தும் பார்த்தேன். கேமராவை யாரோ நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். அதனால் நடந்தது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. நான் பார்த்தேன், அக்கா. பல தடவை பார்த்தேன்.

அவன் தாழ்ப்பாளை மோந்து பார்க்கிறான். மூக்கால் மேலே ஒரு தள்ளுத் தள்ளுகிறான். திறந்துகொள்கிறது. அவசரமே இல்லை. வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டு, நடைபாதையில் நேராக நடக்கிறான். கோடியில் உன் அறைக் கதவு. பச்சைப் பெயின்ட், உரிந்த இடம், எல்லாம் நான் வரைந்தது. அதைத் தலையால் முட்டித் தள்ளி உள்ளே போகிறான். வால் ஆடுகிறது.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பொம்மையில் அது வெறும் கதவு. கூடத்திலும் அப்படியே கட்டிவிட்டார்கள். பின்னால் சாமான் இறக்குகிற வாசல், அதைத் தாண்டினால் லாரி போகிற ரோடு. கட்டில் எங்கே என்று தேடித்தான் போயிருப்பான். நான் திரும்பி வந்தபோது அவன் ரோட்டுப் பக்கம் போவது தெரிந்தது, பின்னாலேயே ஓடினேன், கத்தினேன். அவனுக்குக் கேட்காது என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. லாரிக்காரர் ஹாரன் அடித்தாராம்.

அவனை அந்தப் போர்வையில்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். துவைத்தது நான்தான். அப்படியே உனக்கு அனுப்ப முடியுமா? கூடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் புதைத்திருக்கிறோம். டிரைவர்தான் குழி தோண்டினார்.

டைரக்டர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, "பிரமாதமா இருக்கே, இதையே வெச்சுக்கலாம்" என்றார். நான் கெஞ்சினேன். காலில் விழாத குறைதான். கேட்கவில்லை.

நீ என்னைக் கொன்று போட்டாலும் தகும். ஆனால் ஒன்றைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. தாழ்ப்பாளை நேராக்கிவிட்டேன் என்று உனக்கு எழுதினேன். அதையே பார்த்துத்தான் கூடத்தைக் கட்டுகிறார்கள் என்றும் எழுதினேன். நீ பதிலுக்கு, பிளாஸ்டிக் நாய் ஓடிப் போகாது என்று எழுதினாய். அந்த வரியைப் படித்துச் சிரித்தேன். நீ சொல்லியிருக்கலாமே, அக்கா. ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாமே.

நான் வரட்டுமா?


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு வேலை ஒன்றும் காரணம் இல்லை. எழுதினால் என்ன எழுதிவிடுவேனோ என்று பேனாவைத் தொடவில்லை.

அவன் நிறத்தைப் பார்த்து நான் வக்கீல் என்று பெயர் வைக்கவில்லை. வந்த புதிதில், மூக்கால் தாழ்ப்பாளைத் தூக்கித் தன் கூண்டைத் திறந்துகொள்வான். அதோடு நிற்க மாட்டான். வரிசையாகப் போய் மற்றக் கூண்டுகளையும் திறந்துவிடுவான். விடிந்து பார்த்தால் முற்றம் முழுக்க நாய்கள். "எல்லாருக்கும் ஜாமீன் வாங்கிக் குடுத்துட்டானே, இவன் வக்கீலா பொறக்க வேண்டியவன்" என்று சமையல் அம்மாதான் முதலில் சொன்னாள். அவனுக்கு மேலே தள்ளத் தெரியும், கீழே இழுக்கத் தெரியாது. அதனால் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தலைகீழாக மாட்டச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டுதான் மாட்டினார். இதுதான் கதை. நீ கேட்டிருந்தால் சோறு போட்டுக்கொண்டே சொல்லியிருப்பேன்.

நான் சொல்லியிருக்கலாம் என்கிறாய். வாஸ்தவம். உன் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு வரியை விழுங்கினேன், அது என் நாயைக் கொண்டுபோயிற்று. அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன், உன்னோடு பங்கு போட்டு ஆறுதல் தேடுகிற உத்தேசம் இல்லை. ஆனால் அவன் மண்ணுக்குள் போன பிறகு, 'வக்கீல் நன்றாக இருக்கிறான்' என்று எழுதினாயே, அது முழுக்க உன்னுடையது. அந்தக் கடிதத்தைச் சமையல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்டி. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

விளம்பரத்தையும் பார்த்தாயிற்று. மருந்துக் கடைக்காரர் போனை நீட்டி, "உங்க நாய் எவ்வளவு அழகா நடக்குது பாருங்க" என்றார். பார்த்தேன். தாழ்ப்பாளைத் திறக்கிறான், நடக்கிறான், என் கதவைத் தள்ளுகிறான், வால் ஆடுகிறது. அதோடு நிறுத்திவிட்டார்கள். 'எல்லோருக்கும் ஒரு வீடு' என்று எழுத்து வருகிறது. கடையில் நின்றவர்கள் "அச்சோ, செல்லம்" என்றார்கள். நான் மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டேன்.

நீ நன்றாகத்தான் செய்திருக்கிறாய், அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. மனுஷர்களை ஏமாற்றுவது பெரிய வித்தை இல்லை. அவன் ஒரு நாய். மூக்குள்ள நாய். அவனே அந்தக் கதவைப் பார்த்து நம்பிவிட்டான். அவன் தள்ளியபோது அந்தப் பக்கம் நான் இருந்திருக்க வேண்டும். நீ கூப்பிட்டாய், நான் வர மாட்டேன் என்றேன். ராத்திரியானால் எனக்கு இதுதான்.

இப்போது வாரத்துக்கு இரண்டு குடும்பமாவது பெட்டியோடு வருகிறது. "இந்த நாய்தான் வேணும்" என்று மேல்மூடியைக் காட்டுகிறார்கள். இல்லை என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள். கடைசி வரிசைப் பக்கம் ஒருவரும் திரும்புவதில்லை. புதுக் கூரை நன்றாகத்தான் இருக்கிறது. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். உன் தகடு மழை பெய்தால் விடியவிடியக் குரைக்கிறது.

போன வாரம் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு எல்லாத் தாழ்ப்பாளையும் நேராக மாட்டச் சொன்னேன். "நேராத்தானே இருக்கணும், நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். ஆமாம் என்றேன். இனி யாருக்காகத் தலைகீழாக வைத்திருப்பது?

நீ வர வேண்டாம். கட்டிலைத் திரும்பவும் மருந்து அறையில் போட்டுவிட்டேன். எப்போதாவது வரச் சொல்வேனா என்று எனக்கே தெரியாது, அதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதே. மரத்தடிக்கு மட்டும் அவ்வப்போது போய் வா. அங்கே அவனுக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உன் பெட்டியைப் பிரித்து அடுக்கி இதோடு திருப்பி அனுப்புகிறேன். எண்ணிப் பார்த்தால் இரண்டு உருப்படி குறையும். நாயும் நானும். தேடாதே.

அக்கா